கடல் கடந்த தோட்டத்து ஆலிவ் எண்ணெயை டெல்டாவுக்கு வரவழைப்பது: எந்த மாதத்தில், எந்த வழியில்?

8 செப்டம்பர் 2024, மயிலாடுதுறை வாசகியின் கேள்வி

“என் கணவருக்காக ஓராண்டாக ஆலிவ் எண்ணெய் வாங்கி வருகிறேன். கடையில் ஒரே அலமாரியில் ஐந்தாறு வகைகள் இருக்கின்றன. விலையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. எதைத் திறந்தாலும் பழைய வேர்க்கடலையின் வாடை அடிக்கிறது. கிரேக்கத்திலும் ஸ்பெயினிலும் தோட்டத்துக்காரர்களே இணையத்தில் விற்கிறார்கள்; இந்தியாவுக்கும் அனுப்புவதாகச் சொல்கிறார்கள். அவர்களிடமே வாங்கினால் கலப்படமில்லாத எண்ணெய் மலிவாக வீட்டு வாசலுக்கு வந்துவிடும் அல்லவா?”

8 செப்டம்பர் 2024, இரவு

இதில் இரண்டு எதிர்பார்ப்புகள் கலந்திருக்கின்றன. நல்ல எண்ணெய் கிடைக்கும் என்பது, தோட்டத்தையும் காலத்தையும் சரியாகத் தேர்ந்தெடுத்தால் நடக்கும். மலிவாகக் கிடைக்கும் என்பது நடக்காது. கப்பலில் கொள்கலன் கொள்கலனாக இறக்குகிற நிறுவனத்துக்கு ஒரு லிட்டருக்கு ஆகும் செலவும், நமக்காக ஒரே ஒரு தகர டின்னைத் தனியே கட்டி விமானத்தில் ஏற்றுவதற்கு ஆகும் செலவும் ஒன்றாக இருக்க வழியே இல்லை. நான் கும்பகோணத்துக்குச் சில ஆண்டுகளாக இப்படி வரவழைத்து வருகிறேன். எண்ணெயின் விலைக்கு ஏறக்குறைய நிகராக அனுப்புக் கட்டணம் வரும். அதன் மேல் தீர்வையும் வரும். பணத்தை மிச்சப்படுத்துவது நோக்கமென்றால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். புதிய எண்ணெய் வேண்டும் என்பது நோக்கமென்றால் மட்டும் மேற்கொண்டு பேசலாம்.

9 செப்டம்பர் 2024

முதலில் கடை அலமாரியைப் பற்றி. விலை வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் கலப்படம் காரணமில்லை. அவை வெவ்வேறு பொருள்கள் என்பதே காரணம். ‘எக்ஸ்ட்ரா வெர்ஜின்’ என்பது பழத்தை அரைத்து, வெப்பமோ வேதிப்பொருளோ சேர்க்காமல் பிரித்தெடுத்த எண்ணெய்; அதன் கட்டற்ற அமில அளவு 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பயிற்சி பெற்ற சுவைக் குழு அதில் எந்தக் குறையையும் கண்டுபிடிக்கக் கூடாது. ‘பொமஸ்’ என்று எழுதியிருப்பது பிண்ணாக்கு எண்ணெய்: பிழிந்த சக்கையில் ஒட்டியிருப்பதைக் கரைப்பான் கொண்டு எடுத்து, சுத்திகரித்து, சிறிதளவு வெர்ஜின் எண்ணெய் சேர்த்து விற்பது. ‘எக்ஸ்ட்ரா லைட்’ என்பதைக் கொழுப்புக் குறைந்தது என்று நினைத்துப் பலர் வாங்குகிறார்கள். நிறமும் மணமும் இளைத்த சுத்திகரிப்பு எண்ணெய் என்பதே அதன் பொருள். கலோரி எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

வேர்க்கடலை வாடை வேறு சங்கதி. அது சிக்கு வாடை. எண்ணெய் உண்மையானதாகவே இருந்து, வயதாலும் வெயிலாலும் கெட்டுப் போயிருக்கிறது.

14 செப்டம்பர் 2024

மூன்று வாசகர்கள் ஒரே கருத்தை எழுதியிருக்கிறார்கள்: “எப்போது தயாரானது என்பதைப் பார்த்து வாங்கினால் போதும்.” இதைச் சற்று விரிவாகவே பேச வேண்டும், நான் சொல்ல வருவதற்கெல்லாம் இதுவே ஆதாரம்.

எங்கள் குடும்பத்தில் தாத்தா காலம் வரை மரச்செக்கு ஓடியது. எள் உலர்ந்த விதை. சித்திரையிலோ வைகாசியிலோ களத்துக்கு வந்த எள்ளைப் புடைத்துக் காயவைத்துச் சாக்கில் கட்டி வைத்தால், ஐப்பசியில் தீபாவளிக்கு எடுத்து ஆட்டினாலும் எண்ணெய் புதிதாகவே இருக்கும். எள்ளெண்ணெய்க்கு ஆட்டிய நாளே பிறந்த நாள். ஆண்டில் எந்த நாளிலும் அது பிறக்கலாம். ஆலிவ் அப்படிப்பட்டதில்லை. அது சதைப்பற்றுள்ள கனி. பறித்துக் குவித்து வைத்தால் குவியலின் நடுவே சூடேறிப் புளிக்கத் தொடங்கும்; நல்ல ஆலைக்காரர் பறித்த ஒரு நாளுக்குள் அரைத்துவிடுவார். ஆகவே ஒரு தோட்டத்தின் எண்ணெய் ஆண்டுக்கு ஒரே ஒரு பருவத்தில்தான் பிறக்கிறது. பூமியின் வட பாதியில், அதாவது ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கம், துனிசியா போன்ற நாடுகளில், அது அக்டோபர் முதல் ஜனவரி வரை. நீங்கள் ஜூலையில் வாங்கினாலும் ஆகஸ்டில் வாங்கினாலும், வருவது கடந்த பனிக்காலத்து எண்ணெய்தான்.

போத்தலில் அடைத்த தேதி இதை மறைத்துவிடும். பெரிய எஃகுத் தொட்டியில் பல மாதங்கள் இருந்த எண்ணெயை நேற்று போத்தலில் அடைத்திருக்கலாம். ‘இதற்குள் பயன்படுத்துக’ என்ற தேதி அந்த நேற்றிலிருந்து எண்ணப்பட்டிருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பழம் பறித்தது எந்த மாதம், எந்த ஆண்டு? ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, அறுவடை ஆண்டை லேபிளில் குறிப்பிட்டால் உள்ளே இருப்பது முழுவதும் அந்த அறுவடையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். குறிப்பிடுவது கட்டாயமில்லை என்பதால், தாமாக முன்வந்து குறிப்பிடுகிறவரை நான் ஒரு படி கூடுதலாக நம்புகிறேன்.

15 செப்டம்பர் 2024

தோட்டத்துக்காரருக்கு எழுதும்போது என்ன கேட்பது என்று மன்னார்குடி நண்பர் கேட்கிறார். அறுவடை மாதம், காயின் வகை, ஆய்வகச் சீட்டில் உள்ள அமில அளவு, பெராக்சைடு அளவு. எண்ணெய் காற்றுப்பட்டுக் கெடத் தொடங்கியிருப்பதைக் காட்டுவது பெராக்சைடு. அதற்குச் சட்ட வரம்பு 20. புதிய நல்ல எண்ணெயில் அது 10-க்குக் கீழேயே இருக்கும். அமிலம் என்றவுடன் நாக்கில் புளிக்குமென்று எண்ண வேண்டாம். அது சோதனையில் மட்டுமே தெரிகிற அளவு. சிறு தோட்டத்துக்காரர்கள் ஆய்வகச் சீட்டைப் படமெடுத்து அனுப்பத் தயங்குவதில்லை. நான் வாங்குகிற, கிரேக்கத்தின் கிரீட் தீவுக் குடும்பம், கேட்ட மறுநாளே அனுப்பியது. கூடவே அந்த வாரம் ஆலையில் எடுத்த படத்தையும் இணைத்திருந்தது. பதிலே எழுதாமல் தள்ளுபடிக் குறியீட்டை மட்டும் அனுப்புகிறவரிடம் வாங்க வேண்டாம்.

22 செப்டம்பர் 2024

தீர்வை பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி விடுகிறேன்.

சுங்கத் தீர்வை எண்ணெயின் விலை மீது மட்டும் கணக்கிடப்படுவதில்லை. விலை, அனுப்புக் கட்டணம், காப்பீடு மூன்றும் சேர்ந்த தொகையே அடிப்படை. அந்தத் தொகையோடு தீர்வையையும் சேர்த்து, அதன் மேல் ஒருங்கிணைந்த சரக்கு-சேவை வரி விழும். அனுப்புக் கட்டணம் அதிகமென்றால் வரியும் அதனோடு ஏறும் என்பதைப் பலர் பெட்டி வந்து சேரும் நாளில்தான் உணர்கிறார்கள். விகிதங்கள் பிப்ரவரி மாத நிதிநிலை அறிக்கையில் மாறக்கூடியவை. பணம் கட்டும் வாரத்தில் நடப்பு விகிதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறிதளவு வரவழைப்பவருக்கு இறக்குமதி–ஏற்றுமதிக் குறியீட்டு எண் தேவையில்லை. கூரியர் நிறுவனம் ஆதார் போன்ற அடையாளச் சான்றின் நகலைக் கேட்கும். அதை முன்கூட்டியே பதிவேற்றி வைத்தால் பெட்டி விமான நிலையத்துக் கிடங்கில் காத்துக் கிடக்காது. சுங்கத்தில் ஆலிவ் எண்ணெயின் தலைப்பு எண் 1509. பிண்ணாக்கு எண்ணெய்க்கு 1510. பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் ‘உணவுப் பொருள்’ என்று பொத்தாம் பொதுவாக எழுதாமல், ‘எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய், 3 லிட்டர், சொந்தப் பயன்பாட்டுக்கு’ என்று எழுதச் சொல்லுங்கள்.

‘அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்பச் சொன்னால் வரி இல்லையாமே என்று திருவாரூர் அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த வழி 2019 டிசம்பரில் அடைக்கப்பட்டுவிட்டது. அஞ்சலிலோ கூரியரிலோ அன்பளிப்பு என்ற பெயரில் வரி விலக்கோடு வரக்கூடியவை இப்போது உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும் மட்டுமே. விலை கொடுத்து வாங்கியதை அன்பளிப்பு என்று எழுதுவது பொய்யறிக்கை. தோட்டத்துக்காரரையும் அதில் இழுத்து விடுவது நியாயமில்லை.

23 செப்டம்பர் 2024

பணம் கட்ட முடியவில்லை என்பவர்களுக்கு: ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு விதிக்குப் பிறகு, புதிதாகத் தரப்படும் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நீங்களே திறக்க வேண்டும். பணம் போனதும் மீண்டும் மூடிவிடுங்கள். நாணய மாற்றுக்கு வங்கி எடுக்கும் கூடுதல் தொகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6 அக்டோபர் 2024

எந்த மாதத்தில் வரவழைப்பது என்பதை நான் தேங்காயெண்ணெய் போத்தலைப் பார்த்தே முடிவு செய்கிறேன். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸில் உறைகிறது. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் நம் வீட்டுக் குளியலறையில் அது வெண்மெழுகாகக் கெட்டிப்பட்டுக் கிடக்கும். பங்குனி வந்தால் மறுபடி உறைவதில்லை. அது உறைகிற காலமே ஆலிவ் எண்ணெய் பயணம் செய்யத் தகுந்த காலமும். திருச்சியிலிருந்து கும்பகோணத்துக்கு வரும் சரக்கு வண்டியில் குளிர்சாதனம் கிடையாது. கூரியர் கிடங்கின் மேலே தகரக் கூரைதான். சித்திரை வெயிலில் அந்தக் கூரைக்குக் கீழே இரண்டு நாள் கிடந்த எண்ணெய், தோட்டத்தில் எத்தனை கவனமாக எடுக்கப்பட்டிருந்தாலும், பாதி உயிரோடுதான் நம்மிடம் வரும்.

வட பாதியின் புதிய எண்ணெய் பிறப்பது அக்டோபர் முதல் ஜனவரி வரை. டெல்டா குளிர்ந்திருப்பது டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. இந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி வருவது நமக்கு வாய்த்த பெரிய வசதி. நான் இந்தச் சில வாரங்களை விட்டுவிட்டு ஆண்டின் வேறு எந்தப் பகுதியிலும் வரவழைப்பதில்லை.

ஆஸ்திரேலிய எண்ணெய் பற்றிக் கேட்டவருக்கு: அங்கே அறுவடை ஏப்ரல் முதல் ஜூன் வரை. எண்ணெய் அருமையாக இருக்கலாம். ஆனால் அது புதிதாக இருக்கும்போது இங்கே ஆனிக் காற்றும் வெயிலும். குளிர்பதனக் கிடங்கு வைத்திருக்கிற வணிகர் இறக்கலாம், வீட்டுக்காரர் வரவழைக்க வேண்டாம்.

7 அக்டோபர் 2024

நேற்று எழுதியதோடு மழையையும் சேர்க்க வேண்டும். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழை; நம் மாவட்டங்களில் புயலும் வெள்ளமும் அந்த வாரங்களில்தான் வருகின்றன. 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்த பிறகு நாகை, வேதாரண்யம் பக்கம் எத்தனை நாள் எந்த வண்டியும் போகவில்லை என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. பிறகு ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் விடுமுறை. இங்கே பொங்கல் விடுமுறை. பெட்டி டிசம்பர் கடைசியில் புறப்பட்டால் இரண்டு பக்க விடுமுறைகளிலும் மாட்டிக்கொள்ளும். ஜனவரி முதல் வாரத்தின் கடைசியில் புறப்படச் சொல்வதே நல்லது. பொங்கல் முடிந்து கிடங்குகள் திறக்கிற நேரத்தில் அது சென்னையில் இருக்கும்.

13 அக்டோபர் 2024

“எங்கள் தெருவில் இருபது வீடுகள் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைத்துப் பிரித்துக்கொண்டால் அனுப்புக் கட்டணம் குறையுமே” என்று தஞ்சாவூர் நண்பர் கேட்கிறார். கட்டணம் குறையும் என்பது உண்மை. ஆனால் ஒரு வீட்டு முகவரிக்கு அறுபது லிட்டர் எண்ணெய் வந்தால் சுங்க அலுவலர் அதைச் சொந்தப் பயன்பாடு என்று எடுத்துக்கொள்ள மாட்டார். வணிக இறக்குமதி என்று கருதினால் இறக்குமதிக் குறியீட்டு எண்ணும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமமும் கேட்பார். ஆய்வுக்கு மாதிரி எடுப்பார். சரக்கு அங்கேயே நிற்கும். இரண்டு உறவுக் குடும்பங்கள் சேர்ந்து ஐந்து லிட்டர் டின் ஒன்றை வாங்கிக்கொள்வது வேறு. தெருவே சேர்வது வேறு. (ஐரோப்பிய ஒன்றியத்தில் சில்லறை விற்பனைக்கான ஆலிவ் எண்ணெய்க் கலத்தின் உச்ச அளவே ஐந்து லிட்டர்தான்.)

அவ்வளவு வீடுகள் உண்மையிலேயே ஆர்வமாக இருந்தால், உரிமமுள்ள ஒரு மளிகை மொத்த வணிகரிடம் போய், அறுவடை ஆண்டு குறித்த எண்ணெயை மட்டும் தை மாதத்தில் இறக்கித் தரும்படி கேளுங்கள். இருபது வீடுகளின் முன்பதிவு கையில் இருந்தால் அவர் கேட்பார்.

20 அக்டோபர் 2024

கண்ணாடிப் போத்தலா, தகர டின்னா? பயணத்துக்கு டின். ஒளி புகாது, உடையாது, எடையும் குறைவு. விரைவுக் கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண், கிலோ எடையை விடக் கூடுதலாக இருந்தால் அதற்கே கட்டணம். ஆறு போத்தல்களைப் பஞ்சும் அட்டையும் சுற்றிப் பெரிய பெட்டியில் வைத்தால் காற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்.

ஆனால் டின்னுக்கும் ஒரு பலவீனம் உண்டு. எனக்கு ஒரு முறை கூரியரில் வந்த பெட்டியின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு அட்டை கண்ணாடி போல ஒளி ஊடுருவும்படி மாறியிருந்தது. டின்னின் ஒரு மூலை மடங்கி, மூட்டில் மயிரிழை அளவு பிளவு. கசிந்த எண்ணெய் சில கரண்டிதான். ஆனால் அந்தப் பிளவு வழியாக எத்தனை நாளாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது என்று யார் சொல்ல முடியும்? கூரியர் கிளையில், “பெட்டியை வாங்கிக் கையெழுத்துப் போட்ட பிறகு எங்களுக்குப் பொறுப்பில்லை” என்று முடித்துவிட்டார்கள். அன்று முதல் பெட்டியின் ஆறு பக்கங்களையும் படமெடுத்துவிட்டு, அட்டையில் எண்ணெய்க் கறை இருந்தால் அதை அவர்களுடைய சீட்டிலேயே எழுதிய பிறகே கையெழுத்திடுகிறேன். தோட்டத்துக்காரர் அந்தப் படங்களைப் பார்த்து மறு பேச்சின்றி வேறொரு டின் அனுப்பினார் என்பதையும் சொல்ல வேண்டும். இப்போது அவர் டின்னை இரட்டை அட்டைப் பெட்டியில், மூலைகளுக்கு அட்டைக் காப்பு வைத்து அனுப்புகிறார்.

21 அக்டோபர் 2024

கூரியரா அஞ்சலா என்று வலங்கைமான் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒருவர் கேட்கிறார். நகரத்தில் இருப்பவருக்குக் கூரியர் விரைவு. சிற்றூர்களில் பல கூரியர்கள் “உங்கள் பின்கோடுக்கு வர இயலாது, கிளைக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். தோட்டத்துக்காரர் தம் நாட்டு அஞ்சலில் பதிவு செய்து அனுப்பினால், இங்கே அது இந்திய அஞ்சல் துறையின் கைக்கு வரும்; தபால்காரர் தீர்வைத் தொகையை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே கொடுப்பார். சில நாள்கள் கூடுதலாகும். தை மாதமென்றால் அந்தச் சில நாள்களால் எண்ணெய்க்கு ஒன்றும் ஆகாது.

3 நவம்பர் 2024

பாலாடைக்கட்டியையும் இதே வழியில் வரவழைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். பால் பொருள்களுக்குக் கால்நடைத் துறையின் தனி அனுமதிச் சீட்டும் அனுப்பும் நாட்டின் சான்றும் தேவை. அஞ்சலில் வரும் தனிப் பொட்டலத்துக்கு அவற்றைப் பெறுவது நடைமுறையில் ஆகாத காரியம். சைவ உணவினர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளைக் கொண்டே செய்யப்பட வேண்டும் என்பது அதன் விதி. நம் நாட்டின் உணவுத் தர விதியோ, பாலாடைக்கட்டியை விலங்கு சாராத உறைபொருளைக் கொண்டு செய்யக் கேட்கிறது.

இலங்கைப் பட்டை பற்றிக் கேட்டவருக்கும் ஒரு சொல். பட்டை, விதை, உலர்பழம் போன்றவை தாவரத் தொற்றுத் தடுப்பு விதிக்குள் வருகின்றன. அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் வந்தால் தடுத்து வைப்பார்கள். மெல்லிய ஏடுகள் சுருட்டுப் போல அடுக்கடுக்காகச் சுருண்டிருப்பதே இலங்கைப் பட்டை. தடித்த ஒற்றைத் தோலாக இருப்பது காசியா. இந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு உள்ளூர் நாட்டு மருந்துக் கடையில் தேடினாலே கிடைக்கும். ஆலிவ் எண்ணெய் முழுதும் பதப்படுத்தப்பட்ட பொருள் என்பதால் இந்தத் தொல்லைகள் அதற்கு இல்லை.

19 ஜனவரி 2025

இந்த ஆண்டு டின் வந்துவிட்டது. அறுவடை நவம்பர் 2024, கொரொனெய்கி வகை. மூடியைத் திருகியதும் புதிதாக அறுத்த புல்லும் கசக்கிய தக்காளி இலையும் கலந்த மணம். நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். தொழில்முறைச் சுவைஞர்கள் நிறம் தெரியாதிருக்க நீலக் கண்ணாடிக் குவளையைப் பயன்படுத்துகிறார்கள். எண்ணெயை 28 பாகைக்குச் சூடாக்கியே சுவைக்கிறார்கள். நமக்கு மதிய நேரத்தில் கூடத்தில் வைத்தாலே அந்தச் சூடு வந்துவிடும். சிறு கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி ஊற்றி, உள்ளங்கையால் மூடி, ஒரு நிமிடம் கழித்து முகர்ந்து, பிறகு பல்லிடுக்கில் காற்றை இழுத்தபடி விழுங்க வேண்டும்.

அம்மா விழுங்கியதும் இருமினார், “இதில் மிளகு போட்டிருக்கிறார்களா?” என்று கேட்டார். அந்தக் காரமே நல்ல அடையாளம். தொண்டையைப் பிடிக்கும் அந்த உறைப்புக்கு ஒலியோகாந்தல் என்ற பொருள் காரணம். இபுப்ரோஃபென் என்ற வலிநிவாரணியின் கரைசலும் தொண்டையின் அதே இடத்தில் அதே போல உறுத்துவதைக் கவனித்த ஆய்வாளர்கள் 2005-இல் அதை வெளியிட்டார்கள். பழைய எண்ணெயில் இந்த உறைப்பு மங்கிவிடும். கடைப் போத்தல் ஒன்றையும் பக்கத்தில் வைத்துச் சுவைத்தால் வேறுபாட்டை விளக்கவே தேவையில்லை.

20 ஜனவரி 2025

அவசரமாக ஒன்று. எள்ளெண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவிடுவது போல ஆலிவ் எண்ணெயையும் வைத்ததாக மயிலாடுதுறை வாசகி எழுதியிருக்கிறார். உடனே உள்ளே எடுங்கள், அம்மா. செக்கு எண்ணெயில் ஈரமும் கசடும் இருப்பதால் வெயில் காட்டுகிறோம். எள்ளுக்கே உரிய சீசமால் முதலிய பொருள்கள் அதைக் காக்கின்றன. ஆலிவ் எண்ணெயில் பச்சையம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அந்தப் பச்சையமே எண்ணெய் காறுவதை விரைவுபடுத்தும். அடியில் கசடு தெரிந்தால் மேலாக வடித்து வேறு போத்தலுக்கு மாற்றினால் போதும்.

26 ஜனவரி 2025

சேமிப்பு. பெரிய டின்னைத் திறந்த அன்றே, சுத்தமாக உலர்த்திய கருநிறச் சிறு போத்தல்களில் கழுத்து வரை நிரப்பி, இறுக மூடிவிடுகிறேன். பாதி காலியான டின் என்பது பாதி காற்று நிறைந்த டின். ஒரு போத்தல் மட்டும் சமையலறையில், அடுப்புக்கு எட்டத்தில். மற்றவை வீட்டின் நடு அறையில், இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில். பரணில் வேண்டாம், ஓட்டுக்கும் தளத்துக்கும் கீழே தேங்கும் சூடு நாம் நினைப்பதை விடக் கொடியது. குளிர்பெட்டியில் வைத்தால் உறைந்து மங்கும். அதனால் கெடுதல் இல்லை, ஆனால் அடிக்கடி வெளியே எடுத்து வைத்தால் மூடிக்குள் நீர் கோக்கும். (குளிரில் உறைந்தால் அசல், உறையாவிட்டால் போலி என்று பரவும் சோதனைக்கு எந்த மதிப்பும் இல்லை.)

இவ்வளவு பாடுபட்டு வரவழைத்ததை வடை பொரிக்க ஊற்ற வேண்டாம். வெந்த கொண்டைக்கடலை, வெள்ளரிக்காய், சூடான பருப்பு சாதம்: இவற்றின் மேல் பச்சையாக ஊற்றும்போதுதான் அதன் மணம் நிற்கிறது. மாங்காய் ஊறுகாய்க்கும் புளிக்காய்ச்சலுக்கும் நல்லெண்ணெய் இருந்த இடத்தில் வேறெதுவும் உட்கார முடியாது.

16 பிப்ரவரி 2025

“இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாதி விலைக்குக் கிடைத்தது, கொள்ளையடிக்கிறார்கள்” என்று ஒருவர் எழுதியிருப்பதற்கு மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. உலகில் மிகுதியாக ஆலிவ் எண்ணெய் எடுக்கும் நாடு ஸ்பெயின். அங்கே 2022–23 பருவத்தில் வறட்சியால் விளைச்சல் வழக்கத்தில் பாதியளவுக்குச் சரிந்தது. அடுத்த ஆண்டும் தேறவில்லை. 2024 தொடக்கத்தில் விலை உச்சத்துக்குப் போனது. மழை திரும்பிய பிறகே இறங்கத் தொடங்கியது. 2023-இல் மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் அக்டோபரிலேயே அணையை மூடியபோது நம் வயல்களில் என்ன நடந்தது என்பதைப் பார்த்த நாம், அந்தத் தோட்டத்துக்காரரைக் கொள்ளைக்காரர் என்று சொல்லலாகாது. அவருடைய மரங்களுக்கும் அந்த ஆண்டுகளில் தண்ணீர் இல்லை.

11 மே 2025

இரண்டு கடிதங்களுக்குப் பதில்.

முதலாவது, “உள்ளூர்ச் செக்கு எண்ணெய் இருக்கும்போது ஐரோப்பாவுக்குப் பணம் அனுப்புவது ஏன்?” என்ற திருவையாற்று அன்பரின் கேள்வி. ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். எங்கள் வீட்டில் சமையலின் பெரும்பகுதி நல்லெண்ணெயில்தான் நடக்கிறது. ஒரு மண்ணின் விளைபொருளை அந்த மண்ணின் பெயரோடு விலை கொடுத்து வாங்குகிறவர் எங்கேயோ இருப்பதால்தான் அந்த விளைச்சல் நிலைக்கிறது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதில் நமக்கெல்லாம் மகிழ்ச்சி. கொடிக்கால்காரருக்கு அதனால் பயன் வர வேண்டுமென்றால், இதே அக்கறையோடு விசாரித்து, நேரடியாக, உரிய விலைக்கு வாங்குகிறவர் தொலைவில் இருக்க வேண்டும்.

இரண்டாவது கடிதம் மயிலாடுதுறை வாசகியுடையது. அவர் குறித்துவைத்த தோட்டம் இந்த மாதம் நான்கில் ஒரு பங்கு தள்ளுபடி அறிவித்திருக்கிறதாம். இப்போதே வாங்கலாமா என்கிறார். வேண்டாம். ஐரோப்பாவில் கோடை தொடங்கும்போது அறிவிக்கப்படும் தள்ளுபடி, புதிய அறுவடைக்கு முன் தொட்டியைக் காலி செய்வதற்கானது. அவர்கள் அதை மறைக்கவில்லை. அந்த எண்ணெய் அங்கேயே வாங்கி ஒரு மாதத்தில் தீர்ப்பவருக்கு நல்ல பேரம். நமக்கு அது அக்கினி நட்சத்திரத்தில் புறப்பட்டு வரும் அரை வயது எண்ணெய். அக்டோபர் கடைசியில் அவர்களுக்கு எழுதி, நவம்பர் அறுவடையில் மூன்று லிட்டர் டின் ஒன்றை உங்கள் பெயருக்கு ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். ஆய்வகச் சீட்டு வந்த பிறகு பணம் கட்டுங்கள். ஜனவரி முதல் வாரக் கடைசியில் அனுப்பினால் போதும் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். அதுவரைக்கும், கோடை எள் இப்போதுதான் செக்குகளுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. ஆட்டும் நாளைக் கேட்டுக்கொண்டு, பாத்திரத்தோடு நேரில் போய் வாங்குங்கள்.